சில்வர் டம்ளர் கேட்டவர்



முன்வரிசையில் பாத்திரக் கடைக்காரர்கள் அமர்ந்திருக்கிறீர்கள். பின்வரிசைகளில் கணினி படிக்கும் பிள்ளைகள். நடுவில் இரண்டு வரிசை நாற்காலி காலியாகக் கிடக்கிறது. என் தொழிலில் நான் அன்றாடம் பார்ப்பதும் இந்த இடைவெளியைத்தான். கடைக்காரருக்குச் சாமானின் பெயர் தெரியும். நிரல் எழுதுகிறவருக்குத் தேடல் தெரியும். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதில்லை. நடுவில் மாட்டிக்கொள்கிறவர் வாடிக்கையாளர்.

இணையக் கடையைத் திறந்தால் உச்சியில் நீளமாக ஒரு கட்டம் இருக்கும், ஓரத்தில் பூதக்கண்ணாடிப் படத்தோடு. வேண்டியதை அதில் அடித்தால் பொருள்கள் வரிசையாக வரும். அந்தக் கட்டத்தைச் சரிசெய்து தருவதுதான் என் பிழைப்பு. அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

டெல்டாப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. மூன்று தலைமுறையாக நடக்கிறது. தொற்றுநோய்க் காலத்தில் கதவடைத்தபோது, மகன் இணையதளம் தொடங்கினார். "ஆள் வருது சார், வாங்காமப் போகுது" என்று என்னைக் கூப்பிட்டார். நான் போய் முதலில் கேட்டது தேடல் பதிவேடு. யார் எந்தச் சொல்லை அடித்தார்கள், எத்தனை பொருள் வந்தது, எதைத் தொட்டார்கள் என்று கணினி தானாகவே எழுதிவைக்கும் கணக்கு அது. ஒரு வருஷமாக அதை யாரும் திறந்து பார்த்ததில்லை.

அதில் ஒரு நாள் இரவு, பதினொன்றே முக்கால். யாரோ ஒருவர், கைப்பேசியிலிருந்து, "சில்வர் டம்ளர்" என்று அடித்திருக்கிறார். ஆறு பொருள் வந்திருக்கிறது. ஆறும் சுத்த வெள்ளி. பெயர் சூட்டு விழாவுக்கும் சீருக்கும் வாங்குகிற சாமான். விலையைப் பார்த்தவர் எதையும் தொடவில்லை. அடுத்து "எவர்சில்வர் டம்ளர்" என்று அடிக்கிறார். பூஜ்யம். ஒன்றரை நிமிஷம் கழித்து "காபி டம்ளர்". பீங்கான் கோப்பை ஒன்று வருகிறது. அத்தோடு போய்விட்டார். அந்தக் கடையின் கிடங்கில் அன்றைக்கு அறுபதுக்கும் மேற்பட்ட வகையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. எல்லாவற்றுக்கும் பட்டியலில் எழுதியிருந்த பெயர் "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாஸ்".

நம் வீடுகளில் சில்வர் என்றால் வெள்ளி என்று யாருமே நினைப்பதில்லை. சில்வர் குடம், சில்வர் வாளி, சில்வர் டிபன் பாக்ஸ் எல்லாம் எவர்சில்வர்தான். வெள்ளி வேண்டுமென்றால் வெள்ளி என்றே கேட்போம். இதைக் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்கும் பதினெட்டு வயதுப் பையன் அறிவான். கடையின் வாசற்படி ஏறி வந்தவர் "சில்வர் டம்ளர் இருக்கா தம்பி?" என்று கேட்டால் அவன் வெள்ளிப் பெட்டியைத் திறப்பானா? "காபிக்கா அண்ணே, தண்ணிக்கா?" என்றுதான் கேட்பான். அந்தப் பையனுடைய அறிவை இணையதளத்துக்குக் கொண்டுபோவதுதான் தேடலைச் சரிசெய்வது. மற்ற எல்லா நுட்பமும் அதற்குக் கீழேதான் வரும்.

கணினி எப்படித் தேடுகிறது என்று கடைக்காரர்களுக்காகச் சொல்கிறேன், மாணவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வுப் புத்தகத்தின் கடைசியில் சொல்லடைவு இருக்கும் அல்லவா, எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று? அதே மாதிரி உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும், அது எந்தெந்தச் சாமானின் விவரத்தில் வருகிறது என்று கணினி ஒரு அடைவைத் தயாரித்துவைக்கிறது. சொல் வந்ததும் அடைவைப் பார்த்து எடுத்து நீட்டுகிறது. அடைவில் இல்லாத சொல்லைக் கேட்டால் அதற்கு எதுவும் தெரியாது. "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்" என்று நீங்கள் எழுதி, "எவர்சில்வர்" என்று அவர் கேட்டால், அடைவுக்கு இரண்டும் வேறு வேறு உலகம்.

எடுத்த சாமான்களில் எதை முதலில் காட்டுவது? கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1972இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லா ஆவணங்களிலும் வருகிற சொல்லுக்கு மதிப்புக் குறைவு, சிலவற்றில் மட்டும் வருகிற சொல்லுக்கு மதிப்பு அதிகம் என்பது அதன் சாரம். பாத்திரக் கடையில் "பாத்திரம்" என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? எல்லாமே பாத்திரம்தான். ஆனால் "பாலாடை" என்று ஒருவர் கேட்டால், கைக்குழந்தைக்குப் பால் புகட்டுகிற அந்தச் சின்னக் கிண்ணம் பட்டியலில் மூன்று இடத்தில்தான் இருக்கும். அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். ஐம்பது ஆண்டு ஆகியும் இன்றைய தேடல் பொறிகள் அந்தக் கணக்கின் மேல்தான் நிற்கின்றன. 1999இல் டக் கட்டிங் எழுதிய லூசீன் என்ற கட்டற்ற மென்பொருளும், அதன்மேல் 2010இல் எழுந்த எலாஸ்டிக்சர்ச்சும் இந்த வழி வந்தவை. எலாஸ்டிக்சர்ச்சை உருவாக்கிய ஷாய் பானன், லண்டனில் சமையற்கலை படித்துக்கொண்டிருந்த தம் மனைவியின் சமையல் குறிப்புகளைத் தேடித்தரத்தான் முதலில் ஒரு கருவி செய்யப் புறப்பட்டார். அடுப்படியிலிருந்து கிளம்பிய கருவி மறுபடி நம் அடுப்படிக்கே வந்திருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இப்போது நம் மண்ணின் மனிதர் ஒருவரைச் சொல்ல வேண்டும். இணையக் கடையின் இடது ஓரத்தில் அளவு, விலை, உலோகம் என்று கட்டங்கள் இருக்கும். டிக் அடிக்க அடிக்கப் பட்டியல் சுருங்கும். இந்த யோசனையின் மூலத்தைத் தேடிப்போனால் சீர்காழிக்குப் போய்ச் சேரலாம். அங்கே 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக வந்தார். பயிற்சிக்காக அவரை லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே நூல்களை வகைப்படுத்தும் முறைகளைப் படித்தார். அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு புத்தகத்தை ஒரே ஒரு பெட்டிக்குள் போட்டு அடைக்கச் சொல்கிறார்களே என்பது அவர் குறை. ஒருநாள் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடைக்குள் போனார். அங்கே மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார்கள். துளையிட்ட தகடுகள், கம்பிகள், திருகு, மரை. அதே உருப்படிகளைக் கழற்றி மாட்டினால் வேறொரு பொம்மை. ரங்கநாதனுக்குப் பொறி தட்டியது. புத்தகத்தின் பொருளையும் இப்படிச் சின்னச் சின்ன உருப்படிகளாகப் பிரித்துவைத்துக்கொண்டு, வேண்டியபடி சேர்த்தால் என்ன? அதிலிருந்து வந்ததுதான் 1933இல் வெளியான கோலன் பகுப்பு முறை. ஒரு பொருளுக்குப் பல முகங்கள் உண்டு: அதன் ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே குறித்துவைத்தால், எந்த முகத்தின் வழியாக வந்தாலும் பொருளைப் பிடிக்கலாம்.

ஒரு கடையில் நின்றபோது அவருக்கு உதித்த யோசனை, எழுபது ஆண்டு சுற்றிவிட்டுக் கடைக்கே திரும்பி வந்தது. அமெரிக்காவில் 1999இல் தொடங்கிய எண்டெகா போன்ற நிறுவனங்கள் இந்த முகங்கள் வழித் தேடலைப் பெரிய இணையக் கடைகளுக்குள் கொண்டுபோயின. இன்றைக்கு டிக் அடிக்கிற கட்டம் இல்லாத கடையே இல்லை. ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கடைக்காரர்கள் அந்த ஐந்தையும் ஒருமுறை படியுங்கள். வாசகர் என்று வருகிற இடத்தில் வாடிக்கையாளர் என்று போட்டுப் பாருங்கள்.

நடைமுறைக்கு வருவோம். ஒரு பித்தளை உருளிக்கு என்னென்ன முகம்? உலோகம் ஒன்று. கொள்ளளவு ஒன்று. உள்ளே ஈயம் பூசியதா இல்லையா என்பது ஒன்று; பூசாத பித்தளையில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது என்பது சமைக்கிறவர்களுக்குத் தெரியும். இன்டக்‌ஷன் அடுப்பில் வைக்கலாமா என்பது இன்னொன்று. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகம் இருந்தால்தான் அந்த அடுப்பு சூடாக்கும். வெறும் பித்தளையும் செம்பும் அலுமினியமும் அதில் வேலைக்கு ஆகாது. நான் பார்த்த அந்தக் கடையில் "இன்டக்‌ஷனுக்கு ஏற்றது" என்ற கட்டம் இருந்தது. டிக் அடித்தால் ஒன்பது பாத்திரம் வரும். கிடங்கில் உண்மையில் இருந்ததோ நூற்றுக்கு மேல். பட்டியல் எழுதியவர் ஒன்பதுக்கு மட்டும் அந்த விவரத்தை நிரப்பிவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிட்டார். வெற்றிடத்தைக் கணினி "இல்லை" என்று எடுத்துக்கொண்டது. அரைகுறையாக நிரப்பிய முகம், முகமே இல்லாததைவிடக் கெடுதல். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் ஒவ்வொன்றாகத் திறந்தாவது பார்ப்பார். இருந்தால் அதை நம்பி ஏமாறுவார். நிரல் எழுதுகிறவர் இதைச் சரிசெய்ய முடியாது. ஒரு காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிடங்கில் நாலு நாள் நடக்க வேண்டும். நடந்தோம்.

அடுத்தது தமிழ். 2020இல் நாட்டின் இரண்டு பெரிய இணையக் கடைகளும் தமிழில் பார்க்கும் வசதியைக் கொண்டுவந்தன. பொத்தான்களும் தலைப்புகளும் தமிழில் வந்தது நல்ல தொடக்கம். ஆனால் கட்டத்தில் தமிழ்ச் சொல்லை அடித்தால் அதைப் புரிந்துகொள்வது வேறு வேலை. இங்கேதான் ஆழம் அதிகம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

"கொப்பரை" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், இட்லிக் கொப்பரை. அதன் முதல் எழுத்து "கொ". ஒருங்குறியில் இதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. ககரம், பிறகு ஒற்றைக் கொம்பு, பிறகு கால் என்று தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு இரண்டும் வேறு. பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்த விலைப்பட்டியலை மாற்றியபோது இந்தக் கடையில் இரண்டாம் விதம் நுழைந்திருந்தது. வாடிக்கையாளர் கைப்பேசியில் அடித்ததோ முதல் விதம். கொப்பரை, சொம்பு, கோப்பை, தோசைக்கல் என்று ஒகர ஓகாரம் வந்த சாமான் ஒன்றுமே அகப்படவில்லை. இட்லிப் பானை கிடைக்கும், இட்லிக் கொப்பரை கிடைக்காது! முதலாளி காரணம் புரியாமல் இரண்டு மாதம் தவித்திருக்கிறார். உள்ளே வருகிற எழுத்தையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஒரு வரி நிரல் போதும். பட்டியலுக்கும் அதையே செய்ய வேண்டும், தேடும் சொல்லுக்கும் அதையே செய்ய வேண்டும். ஒருபக்கம் மட்டும் செய்தால் பழையபடிதான்.

பிறகு புணர்ச்சி. தோசைக்கல், தோசைகல், தோசை கல், தோசைக் கல். நாலும் ஒரே கல். ஒற்று மிகுமா மிகாதா என்று வாடிக்கையாளருக்குப் பரீட்சை வைக்க நாம் யார்? சேர்த்தும் பிரித்தும் ஒற்று நீக்கியும் எல்லா வடிவத்தையும் அடைவில் வைத்துவிட வேண்டும். "நாச்சியார்கோயில் விளக்கு" என்பார் ஒருவர், "நாச்சியார்கோவில் விளக்கு" என்பார் இன்னொருவர், இரண்டும் சரி. குத்துவிளக்கை ஒரே சொல்லாக எழுதியவருக்கும் இரண்டு சொல்லாக எழுதியவருக்கும் அதே விளக்கைக் காட்ட வேண்டும்.

வேற்றுமை உருபும் பன்மை விகுதியும் வேறு உண்டு. பாத்திரம், பாத்திரங்கள், பாத்திரத்துக்கு எல்லாவற்றையும் வேர்ச்சொல்லுக்குக் கொண்டுபோக வேண்டும். லூசீனில் தமிழுக்கென்றே ஒரு பகுப்பி இருக்கிறது. ஸ்னோபால் என்ற தொகுப்பிலும் தமிழ்ச் சொற்களின் விகுதியை வெட்டுகிற விதிகள் இருக்கின்றன. மாணவர்கள் எடுத்துப் பயன்படுத்துங்கள், ஆனால் கண்மூடி வேண்டாம். சொல்லின் கடைசியில் "கள்" என்று கண்டதும் வெட்டினால் "திங்கள்" என்னாகும்? "மக்கள்" என்னாகும்? நீங்கள் வேலை செய்யும் கடையின் பட்டியலில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அந்த விதிகளில் கொடுத்து, என்ன மிஞ்சுகிறது என்று வரிசையாக அச்செடுத்துப் பாருங்கள். ஒரு பிற்பகல் போதும்.

எழுத்துப்பிழைக்கு வருகிறேன். 1964இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஃபிரெட் டேமரோ, எழுத்துப்பிழைகளில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் ஒரே ஒரு தவறால் வருபவை என்று காட்டினார்: ஓர் எழுத்து விடுபடும், ஒன்று கூடும், ஒன்று மாறும், அல்லது பக்கத்து எழுத்துகள் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். மறு ஆண்டில் சோவியத் நாட்டின் லெவன்ஷ்டைன், இரண்டு சொற்களுக்கு இடையே எத்தனை மாற்றம் என்று எண்ணும் அளவையைத் தந்தார். இன்று எல்லாத் தேடல் பொறியிலும் அது உண்டு. ஒரு மாற்றம்வரை மன்னித்துவிடு என்று சொல்லிவைத்தால் போதும். நானும் அப்படித்தான் சொல்லிவைத்தேன். மறுநாள் "பானை" என்று தேடியவருக்குப் பானைகளுக்கு நடுவே பித்தளை யானை வந்து நின்றது. பகரம் யகரமானால் ஒரே ஒரு மாற்றம்தானே, கணினிமேல் குற்றமில்லை.

ஆங்கிலத்துக்கு எல்லா எழுத்தும் ஒரே விலை என்று வைத்த கணக்கு தமிழுக்குச் சரிப்படாது. தமிழர் எங்கே தடுமாறுவார்கள் என்று பள்ளிக்கூட வாத்தியார் எவரைக் கேட்டாலும் சொல்வார். லகர ளகர ழகரம், னகர ணகரம், ரகர றகரம். "பணியாரச் சட்டி"யைப் "பனியாரச் சட்டி" என்று எழுதுவது நடக்கிற பிழை; "பானை"யை "யானை" என்று எழுதுவது நடக்காத பிழை. ஆகவே முதல் வகைக்கு மாற்றக் கட்டணம் குறைவாகவும் இரண்டாம் வகைக்கு அதிகமாகவும் வைத்தோம். யானை தன் இடத்துக்குப் போய்விட்டது.

இதெல்லாம் தமிழ் எழுத்தில் அடிக்கிறவர்களுக்கு. அந்தக் கடையின் பதிவேட்டில் பெரும்பாலோர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில்தான் அடித்திருந்தார்கள். இட்லி என்ற மூன்றெழுத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம்? கடைசியில் ஐ போட்டவர்கள், ஒய் போட்டவர்கள், இரண்டு டி போட்டவர்கள், டி-க்குப் பின்னால் ஹெச் சேர்த்தவர்கள். இவர்களில் யாரும் தவறு செய்யவில்லை. ஒலியை எழுத்தாக்கியிருக்கிறார்கள். ஆகவே எழுத்தை எழுத்தோடு ஒப்பிடாமல், இரண்டையும் ஒலிக்குக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களை ஒரே குறியில் அடக்குகிற சவுண்டெக்ஸ் முறைக்கு அமெரிக்காவில் 1918லேயே காப்புரிமை தந்துவிட்டார்கள். புதிய யோசனை இல்லை. நம் மொழியின் ஒலிக்கு ஏற்ப உட்கார்ந்து எழுதும் உழைப்புதான் வேண்டும்.

இப்போது ஒரு சொம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஈயச் சொம்பு. ரசம் வைக்கிற பாத்திரம், கும்பகோணத்துச் சாமான். பாத்திரக் கடையில் ஈயம் என்றால் வெள்ளீயம். ஆனால் ஈயம் என்ற சொல் காரீயத்தையும் குறிக்கும். காரீயம் உடம்புக்கு நஞ்சு. இந்தக் கடையின் ஆங்கிலப் பக்கத்தை எந்திர மொழிபெயர்ப்பில் தயாரித்திருந்தார்கள். அதில் ஈயச் சொம்பு காரீயச் சொம்பாகிவிட்டது. நஞ்சு உலோகத்தின் பெயரைத் தலைப்பிலேயே போட்டு, "சமையலுக்கு உகந்தது" என்று கீழே எழுதியிருந்தது. யாராவது படித்துப் பதறியிருப்பார்கள். அல்லது, இன்னும் மோசமாக, காரீயம் சமையலுக்கு ஆகும் என்று நம்பியிருப்பார்கள். எனக்கு அதைப் பார்த்ததும் கை நடுங்கியது. தேடல் சரியாக இருப்பதும் இல்லாததும் விற்பனைக் கணக்கு மட்டும்தான் என்று எண்ணிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குப் புத்தி தெளிந்தது. பெயரைத் திருத்தியதோடு விடவில்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். காலிச் சொம்பை அடுப்பில் வைத்தால் ஒழுகிப்போகும். பட்டியலில் சொம்பின் படத்துக்கு அடியிலேயே "நீர் ஊற்றாமல் அடுப்பில் வைக்காதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். அதைக் கடைப் பையன் வாயால் சொல்லித்தான் கொடுப்பான். இணையத்தில் சொல்ல ஆள் இல்லை.

வரிசைப்படுத்துவது பற்றிச் சுருக்கமாக ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. அதிகம் விற்றதை மேலே வைப்பது வழக்கம். மேலே இருப்பதால் அது மேலும் விற்கும்; விற்பதால் மேலேயே இருக்கும். போன வாரம் வந்த நல்ல சாமான் பத்தாம் பக்கத்தில் தூசி பிடித்துக் கிடக்கும். புதுச் சரக்குக்கு முதல் பக்கத்தில் ஓரிரு இடம் ஒதுக்கத்தான் வேண்டும். இன்னொன்று: காசு கொடுத்தவர் சரக்கை, கேட்ட சரக்குக்கு மேலே வைப்பது. "மூன்று லிட்டர் குக்கர்" என்று ஒருவர் தெளிவாகக் கேட்கிறார். நீங்கள் விளம்பரத்துக்காக ஐந்து லிட்டரை முதலில் காட்டுகிறீர்கள். கேட்டவரின் வாயைப் பொத்துவதற்கு அது சமம். விளம்பரம் வையுங்கள், விளம்பரம் என்று எழுதி ஓரமாக வையுங்கள். கேட்டதற்குரிய பதிலின் இடத்தைக் காசுக்கு விற்காதீர்கள்.

மாணவர்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது. இப்போதுதான் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, சொல்லுக்குப் பதிலாகப் பொருளையே எண்களாக்கி ஒப்பிடுகிறதே, இந்தச் சொல் ஆராய்ச்சியெல்லாம் இனி எதற்கு? நல்ல கேள்வி. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். "அம்மாவுக்கு அறுபதாம் கல்யாணத்துக்குக் கொடுக்க" என்று ஒருவர் அடித்தால், அந்தச் சொற்களில் ஒன்றுகூடப் பட்டியலில் இல்லாவிட்டாலும், குத்துவிளக்கையும் பன்னீர்ச் சொம்பையும் கொண்டுவந்து வைக்கிற சாமர்த்தியம் அதற்கு உண்டு. ஆனால் அதற்கு "இல்லை" என்று சொல்ல வராது. எதைக் கேட்டாலும் கிட்டத்தட்ட இருக்கிற எதையாவது நீட்டும். மண்சட்டி விற்காத கடையில் மண்சட்டி கேட்டால் இரும்புச் சட்டியை நீட்டும். "மண்சட்டி நம்மகிட்ட இல்லைம்மா" என்று சொல்லிவிட்டு, பிறகு "இரும்புச் சட்டி பார்க்கறீங்களா?" என்று கேட்பதுதான் மரியாதை. அந்த "இல்லை"யை நீங்கள்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். வட்டாரச் சொல் அதற்கு அநேகமாகத் தெரியாது. அது படித்து வளர்ந்த எழுத்துலகத்தில் நம் அடுப்படிச் சொற்கள் மிகக் குறைவு.

தஞ்சாவூர்ப் பக்கம் சில வீடுகளில் இரும்புச் சட்டியை இலுப்பச்சட்டி என்பார்கள். எங்கள் தேடல் அதற்கு இலுப்பெண்ணெய்ப் புட்டியைக் காட்டிக்கொண்டிருந்தது. அதே சட்டி வேறு வீடுகளில் வாணலி, சீனச்சட்டி, கடாய். நாகப்பட்டினத்துக்காரர் பாத்திரத்தை ஏனம் என்பார். தெற்கே சருவம் என்பார்கள். கொங்கு நாட்டில் போசி. இவற்றையெல்லாம் எந்த அகராதியிலிருந்து எடுப்பது என்று நான் புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

விடை கிடங்கில் இருந்தது. பேக்கிங் பிரிவில் ஓர் அக்கா. ஈரோட்டுப் பக்கத்துப் பெண், டெல்டாவில் வாழ்க்கைப்பட்டவர். தினமும் காலையில், முந்தின நாள் பூஜ்யம் வந்த சொற்களை ஒரு தாளில் அச்செடுத்து அவரிடம் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தேன். டீ குடிக்கிற நேரத்தில் அட்டைப்பெட்டிமேல் தாளை விரித்துவைத்து, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எந்த அலமாரிச் சாமான் என்று எழுதுவார். தெரியாத சொல் இருந்தால் லோடு இறக்க வந்தவரைக் கேட்பார், மாமியாருக்குப் போன் போடுவார். இருபது நிமிஷ வேலை. அவர் எழுதியதை நான் இணைச்சொல் பட்டியலில் ஏற்றுவேன். அந்தக் கடைக்காக நான் எழுதிய நிரல் அத்தனையையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, அக்காவின் பென்சில் எழுத்தை மறுதட்டில் வைத்தால், அவர் தட்டுதான் தாழும். அவர் சம்பளத்தில் இதற்கென்று தனியாக ஒரு தொகை சேர்க்க வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். சேர்த்தார்.

தைக்கு முந்தின வாரம் ஒரு தாளில் "வட்டல்" என்று ஒரு சொல் ஐந்து முறை வந்திருந்தது, ஒரே ஆள், ஒரே இரவில். எங்கள் தேடல் அவருக்கு "வட்டம்" என்று திருத்திச் சொல்லியிருக்கிறது. நான் வாணலி வகையாக இருக்கும் என்று நினைத்தேன். அக்கா தாளை வாங்கிப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சோறு போட்டுத் திங்கற தட்டுங்க தம்பி. எங்கூர்ல வட்டல்னுதான் சொல்லுவோம். இங்க வந்து இருபது வருசமாச்சு, இந்த வார்த்தைய யாருமே சொல்லிக் கேட்டதில்லை."

சாயங்காலத்துக்குள் ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பதிவேட்டில் அதே கைப்பேசி திரும்ப வந்திருந்தது. "வட்டல்" என்று அடித்ததும் நாற்பத்தொரு தட்டு. மேலிருந்து மூன்றாவதைத் தொட்டிருக்கிறார், ஓரம் உயர்ந்த பெரிய சாப்பாட்டுத் தட்டு. எண்ணிக்கைக் கட்டத்தில் ஆறு. அந்தப் பெட்டியை அக்காதான் கட்டினார்.